காய் விழுதிலா, கொதிநீரிலா: வார நாள் இரவுக்கு ஒரு பெஸ்டோ பாஸ்தா

இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் லிகூரியா என்றொரு பகுதி இருக்கிறது. பேசில் என்ற மணமிக்க இலையைக் கொட்டை, சீஸ், ஆலிவ் எண்ணெயோடு அரைத்த பச்சை விழுதுதான் பெஸ்டோ. அந்தப் பகுதியின் தலைநகரான ஜெனோவாதான் அது பிறந்த ஊர். பெஸ்டோ கலந்த பாஸ்தாவை அங்கே பழைய முறைப்படி பரிமாறும்போது, அதில் உருளைக்கிழங்குத் துண்டுகளும் பச்சை பீன்ஸும் சேர்ந்தே இருக்கும். மூன்றையும் ஒரே பாத்திரத்தில், ஒரே கொதிநீரில் வேகவைத்து வடித்து, அரைத்து வைத்த பச்சை விழுதோடு பிரட்டி எடுப்பார்கள். காய்கறி சேர்ந்த பெஸ்டோ பாஸ்தா என்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றன்று, அந்த ஊர் வீடுகளில் அது அன்றாட உணவு. ஆனால் இன்று நமக்குக் கிடைக்கும் சமையல் குறிப்புகளில் பெரும்பாலானவை காய்கறியை விழுதுக்குள்ளேயே போட்டு அரைக்கச் சொல்கின்றன. ப்ரோக்கோலி பெஸ்டோ, பட்டாணி பெஸ்டோ, பாலக் பெஸ்டோ, குடைமிளகாய் பெஸ்டோ என்று பட்டியல் நீள்கிறது. வேலை முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்து, எட்டு மணிக்குள் நான்கு பேருக்கு இரவுச் சாப்பாடு தயாராக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

சென்னையில் என் வீட்டுச் சமையலறையில் இந்த வழிகள் எல்லாவற்றையும் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். தேர்வு உண்மையில் நான்குதான். முதலாவது, ஜெனோவா வழி: விழுதில் இலை மட்டும், காய் கொதிநீரில். இரண்டாவது, அதே வழியில் பேசில் இலைக்குப் பதிலாகப் பெரும்பகுதி பாலக்கீரை. மூன்றாவது, காயையே வேகவைத்து விழுதாக அரைப்பது. நான்காவது, கடையில் விற்கும் பாட்டில் பெஸ்டோவை வாங்கிக் கலப்பது. சுவை, நேரம், செலவு, கழுவ வேண்டிய பாத்திரம் ஆகிய நான்கையும் வைத்துப் பார்த்தால் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு நாம் நினைப்பதைவிடப் பெரியது.

பெஸ்டோ என்ற சொல்லுக்கு இடிக்கப்பட்டது என்றே பொருள். பளிங்கு உரலில் மர உலக்கையால் பூண்டையும் கல்லுப்பையும் முதலில் நசுக்கி, பைன் கொட்டையைச் சேர்த்து, பிறகு பேசில் இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு உரல் சுவரோடு தேய்த்து அரைப்பார்கள். கடைசியில் துருவிய பார்மேசான் சீஸும் சார்டினியா தீவின் செம்மறியாட்டுப்பால் சீஸும் ஆலிவ் எண்ணெயும் சேரும். நமக்குப் பழக்கமான கொத்தமல்லித் துவையலோடு ஒப்பிட்டால் இதன் இயல்பு எளிதில் விளங்கும். துவையலில் இலை வதங்குகிறது, புளியும் மிளகாயும் சேர்கின்றன, சிறிது தண்ணீரும் விடுகிறோம். பெஸ்டோவில் தீயே படுவதில்லை, தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது. இலையின் மணம் முழுவதையும் எண்ணெய்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் முடிவுகளில் பாதி தாமாகவே வந்து சேரும்.

முதல் வழியிலிருந்து தொடங்குகிறேன். நான்கு பேருக்கு 320 கிராம் பாஸ்தா, இரண்டு நடுத்தர உருளைக்கிழங்கு, 150 கிராம் பீன்ஸ் போதும். விழுதுக்கு, காம்பு நீக்கிய பேசில் இலை சுமார் 60 கிராம், கொட்டை 30 கிராம், நம் ஊர்ப் பூண்டில் இரண்டு அல்லது மூன்று சிறு பற்கள், துருவிய சீஸ் 50 கிராம், ஆலிவ் எண்ணெய் 70 மில்லி ஆகியவை தேவை. மூன்று லிட்டர் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது கொதிப்பதற்குள் உருளைக்கிழங்கைத் தோல் சீவி ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாகவும், பீன்ஸை இரண்டு விரற்கடை நீளத்துக்கும் நறுக்கிவிடலாம். கொதி வந்ததும் உப்பு போட வேண்டும். லிட்டருக்குப் 10 கிராம் என்பது இத்தாலிய வழக்கு. சீஸிலும் விழுதிலும் உப்பு இருப்பதால் நான் லிட்டருக்கு 7 கிராமோடு நிறுத்திக்கொள்கிறேன். உருளைக்கிழங்கை முதலில் போட்டு, மூன்று நிமிடம் கழித்துப் பாஸ்தாவையும், அதற்கு இரண்டு நிமிடம் கழித்துப் பீன்ஸையும் போட்டால், பத்து நிமிடத்தில் வேகும் பாஸ்தாவாக இருக்கும்பட்சத்தில் மூன்றும் ஒன்றாக வெந்து நிற்கும். பீன்ஸ் நறுக்கென்று கடிபட வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இரண்டு நிமிடம் தாமதித்துப் போடலாம். ஆனால் ஜெனோவாக்காரர்கள் அதை நன்றாகக் குழைவாக வேகவிடுகிறார்கள், இந்தச் சாப்பாட்டுக்கு அதுதான் பொருந்துகிறது.

இங்கே ஒன்றை அருகில் நின்று பார்க்க வேண்டும். பாஸ்தா வெந்துகொண்டிருக்கும்போது உருளைக்கிழங்குத் துண்டுகளின் விளிம்புகள் மெல்லக் கரையத் தொடங்கும். முனை கூர்மையாக இருந்த துண்டு உருண்டையாகும், தண்ணீர் கஞ்சி போல லேசாகக் கலங்கும். வடித்த பிறகு அகன்ற பாத்திரத்தில் விழுதோடு போட்டு இரண்டு மேசைக்கரண்டி கொதிநீர் விட்டுக் கிளறும்போது, அந்தக் கரைந்த மாவுச்சத்து எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிணைத்து, பாஸ்தாவின் ஒவ்வொரு சுருளின் மேலும் பளபளவென்று ஒட்டவைக்கிறது. உருளைக்கிழங்கு இல்லாமல் செய்யும்போது எண்ணெய் தட்டின் அடியில் தனியாகத் தேங்கி நிற்பதையும், அதைப் போட்டுச் செய்யும்போது தட்டு துடைத்ததுபோல் இருப்பதையும் அடுத்தடுத்த நாள்களில் செய்து பார்த்தால் யாரும் கண்ணால் காணலாம். காய்கறியைக் கொதிநீரில் போடுவதால் கிடைப்பது சத்து மட்டுமன்று, குழம்பின் பதத்தையே அது சரிசெய்கிறது. நான் இந்த வழியை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், இதில் அழுக்காகும் பாத்திரங்கள் மிகக் குறைவு என்பது. ஒரு பெரிய பாத்திரம், ஒரு வடிகட்டி, ஒரு மிக்ஸி ஜார், கிளறுவதற்கு ஓர் அகன்ற பாத்திரம், அவ்வளவுதான். தண்ணீரை ஏற்றியதிலிருந்து தட்டில் பரிமாறும் வரை என் அடுப்பில் 25 முதல் 30 நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தில் பாதி தண்ணீர் கொதிப்பதற்காகக் காத்திருப்பதுதான், இலை ஆய்வதும் அரைப்பதும் அதற்குள் முடிந்துவிடுகின்றன.

ஆனால் இந்த வழிக்கு ஒரு பெரிய தடை உண்டு: பேசில். ஜெனோவாவின் ப்ரா உள்ளிட்ட லிகூரியக் கடற்கரைப் பகுதியில் விளையும் சிறிய இலைப் பேசிலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டில் பிறப்பிடப் பெயர்க் காப்பு வழங்கியிருக்கிறது. அந்த அளவுக்கு அந்த இலையின் மணத்தை அவர்கள் தனியாகப் போற்றுகிறார்கள். நம் ஊரில் அதே வகை பெரிய கடைகளில் சிறு பொட்டலங்களாக, இலை எண்ணிப் போட்டதுபோல் கிடைக்கிறது. 60 கிராம் இலை வேண்டுமென்றால் பல பொட்டலங்கள் வாங்க வேண்டும், அதற்கான செலவும் கூடுதல். நம்மிடையே பலருக்குத் தெரியாத செய்தி, பேசில் நமக்கு அந்நியமான செடி அன்று என்பது. திருநீற்றுப்பச்சிலை என்று நாம் அழைப்பதும் அதே இனந்தான். கதம்பத்தில் வைத்துக் கட்டுகிற இலையும், பலூடாவில் ஊறிக் கிடக்கும் சப்ஜா விதையும் அந்தச் செடியிலிருந்தே வருகின்றன. துளசி வேறு இனம், கிராம்பை நினைவூட்டும் அதன் காரம் பெஸ்டோவுக்கு ஒத்துவராது. நம் வீட்டுத் தொட்டியில் வளரும் திருநீற்றுப்பச்சிலைக்கு ஜெனோவா வகையைவிடக் காட்டமும், சோம்பை ஒத்த ஒரு வாசமும் உண்டு. அதை மட்டும் வைத்து 60 கிராம் அரைத்தால் மூக்கில் ஏறிவிடும், 20 கிராம் போட்டால் அருமையாக இருக்கும். பூக்காம்பு தலைகாட்டியவுடன் கிள்ளிவிட வேண்டும், பூத்த பிறகு இலையின் காட்டம் இன்னும் கூடிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் இரண்டாவது வழியான பாலக்கீரை உதவிக்கு வருகிறது. ஒரு கட்டு பாலக் எல்லாக் காய்கறிக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்கிறது, விலையும் மலிவு. அதற்குத் தனிச் சுவை குறைவு என்பது மற்ற நேரங்களில் குறையாகத் தெரியலாம், பெஸ்டோவுக்கு அதுவே நன்மை. பாலக் அளவையும் நிறத்தையும் தருகிறது, மணத்தைப் பேசிலோ திருநீற்றுப்பச்சிலையோ தருகிறது. ஆய்ந்த பாலக் இலை 100 கிராமுக்குத் திருநீற்றுப்பச்சிலை 20 கிராம் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. இதில் மாற்று இலை சேர்ப்பது மரபுக்கு விரோதம் என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. 1863ஆம் ஆண்டில் ஜெனோவாவில் அச்சான ஒரு சமையல் நூலிலுள்ள பெஸ்டோ குறிப்பே, பேசில் கிடைக்காதபோது மார்ஜோரமும் பார்ஸ்லியும் போடலாம் என்கிறது. பார்மேசானோடு டச்சு சீஸையும் சேர்க்கச் சொல்கிறது. கையில் கிடைப்பதை வைத்துச் செய்வது அந்த ஊர்க்காரர்களே ஒப்புக்கொண்ட வழி.

பாலக்கைப் பச்சையாக அரைக்கலாமா, கொதிநீரில் காட்டி எடுக்க வேண்டுமா என்பதில் என் பதில் உறுதியானது: காட்டித்தான் எடுக்க வேண்டும். பச்சைப் பாலக்கில் ஒரு புல் வாடையும் பல்லைக் கூசவைக்கும் தன்மையும் இருக்கின்றன. பாஸ்தாவுக்காகக் கொதிக்கும் அதே தண்ணீரில், உருளைக்கிழங்கைப் போடுவதற்கு முன்பே, இலையை 40 விநாடி முக்கி எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டுவிட்டால் இரண்டும் போய்விடுகின்றன, தனிப் பாத்திரமும் தேவைப்படாது. இலையை வெட்டினாலோ அரைத்தாலோ அது கறுப்பதற்குக் காரணம் அதிலிருக்கும் ஒரு நொதி காற்றோடு சேர்ந்து வேலை செய்வதுதான், கொதிநீர் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலையைத்தான் பலர் அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். இலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பிழிய வேண்டும். கொழுக்கட்டைக்கு மாவு பிடிப்பதுபோல அழுத்தினால் பச்சைத் தண்ணீர் ஒழுகும். அது நின்ற பிறகும் இன்னொரு முறை பிழிய வேண்டும். 100 கிராம் இலை ஓர் எலுமிச்சை அளவு உருண்டையாகச் சுருங்கும். அந்த உருண்டையில் நீர் தங்கியிருந்தால் எண்ணெய் அதோடு சேராமல் பிரிந்து, விழுது தண்ணீர்விட்ட சட்னி போலாகிவிடும்.

பேசிலையும் இப்படிக் கொதிநீரில் காட்டலாம், நிறம் நன்றாக நிற்கும். ஆனால் மணத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடுகிறது. அன்றிரவே சாப்பிட்டு முடிப்பதாக இருந்தால் பேசிலைப் பச்சையாகவும், எடுத்து வைப்பதாக இருந்தால் பத்து விநாடி காட்டியும் அரைக்கிறேன். பேசில் கட்டு மீந்தால் அதை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. அது குளிர் தாங்காத செடி, ஓரிரு நாளில் இலை கறுத்துவிடும். டம்ளரில் தண்ணீர் விட்டுக் காம்பை முக்கி மேடையில் வைத்தால் சில நாள் நன்றாகவே இருக்கும்.

பேசிலும் இல்லை, திருநீற்றுப்பச்சிலையும் இல்லை என்றால் பாலக்கோடு கொத்தமல்லியும் சில புதினா இலையும் சேர்ப்பதைப் பலர் செய்கிறார்கள். நன்றாகவே இருக்கும். ஆனாலும் கொத்தமல்லியின் மணம் நமக்குப் பிறந்தது முதல் பழகிய மணம் என்பதால், நாக்கு அதைத் துவையலாகவே எடுத்துக்கொள்கிறது. பாஸ்தாவோடு அது சேர்வதில் ஒரு சிறு முரண் எனக்கு எப்போதும் தட்டுப்படுகிறது. முருங்கைக்கீரையைப் பச்சையாக அரைத்தால் கசப்பு மிகுந்துவிடுகிறது, வேகவைத்தால் வேறொரு பண்டமாகிவிடுகிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அரைக்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டு வழியும் கெடுவது இங்கேதான். ஆரம்ப நாள்களில் இலை, கொட்டை, எண்ணெய் அனைத்தையும் சட்னி ஜாரில் ஒன்றாகப் போட்டு, நைசாக வரட்டும் என்று இரண்டு நிமிடம் தொடர்ந்து ஓட்டினேன். ஜாரைக் கழற்றியபோது அதன் அடிப்பகுதி கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. மூடியைத் திறந்தால் பச்சை போய்ப் பாசி நிறமாகியிருந்தது, வாயில் வைத்தால் தொண்டையில் ஒரு கசப்பு நின்றது. இலையின் நிறமும் மணமும் சூட்டில் போய்விட்டன. நல்ல ஆலிவ் எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் கசப்புப் பொருள்கள் வேகமாகச் சுழலும் பிளேடால் வெளிப்பட்டு எண்ணெயையும் கசக்கவைத்துவிட்டன. அன்றிலிருந்து ஜாரையும் பிளேடையும் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். பூண்டு, உப்பு, கொட்டை மூன்றையும் முதலில் பொடித்து, இலையைப் போட்டு இரண்டு கரண்டி எண்ணெய் மட்டும் விட்டு, ஐந்து விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, பக்கவாட்டை வழித்துவிட்டு, ஆறேழு முறை விப்பரில் ஓட்டினால் போதும். மீதி எண்ணெயையும் சீஸையும் கிண்ணத்தில் கரண்டியால்தான் கலக்க வேண்டும். விழுது கொரகொரப்பாக, இலைத்துணுக்கு கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதே சரியான பதம். வீட்டில் கல்லுரலோ அம்மியோ இருந்து, கைக்கும் பொறுமைக்கும் இடமிருந்தால் அதில் அரைப்பது நிச்சயமாக மேலானது. ஆனால் திங்கட்கிழமை இரவு அதை யாரிடமும் எதிர்பார்ப்பது நியாயமில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மூன்றாவது வழியைப் பார்ப்போம். காயையே விழுதாக்குவதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தட்டில் காயைக் கண்டால் ஒதுக்கிவைக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் இதற்கு ஈடான வழி வேறில்லை. என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது பட்டாணி விழுதால்தான் இந்தச் சாப்பாடு எங்கள் வீட்டுக்குள் வந்தது. உறைந்த பட்டாணி 250 கிராமை இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, பூண்டு, முந்திரி, சீஸ், எண்ணெயோடு கொரகொரவென்று அரைத்து, அரை மூடி எலுமிச்சைச் சாறும் புதிதாக இடித்த மிளகும் சேர்த்தால் இனிப்பும் காரமும் ஒத்துப்போகும். எலுமிச்சையும் மிளகும் இல்லாவிட்டால் அந்த இனிப்பு நான்காவது வாயிலேயே திகட்டிவிடும். ப்ரோக்கோலியில் 300 கிராம் பூவை நான்கைந்து நிமிடத்துக்கு மேல் வேகவிடக் கூடாது, மீறினால் முட்டைக்கோஸ் கொதித்த வாடை வீடு முழுக்கப் பரவும். சிவப்புக் குடைமிளகாயைத் தீயில் சுட்டுத் தோலுரித்து அரைப்பது சுவையில் மிக நன்று. ஆனால் சுடுவதற்கும் ஆறவிடுவதற்கும் உரிப்பதற்கும் மட்டுமே 20 நிமிடத்துக்கு மேல் ஆகிவிடுகிறது, அது வார நாளுக்கான வேலை அன்று.

இந்த வழியின் குறை வேறிடத்தில் இருக்கிறது. பெஸ்டோவின் மணத்தை எண்ணெய்தான் சுமக்கிறது என்று முன்பு சொன்னேன். காயில் பெரும்பகுதி நீர்தான். அதைக் கால் கிலோ அரைத்துச் சேர்க்கும்போது அந்த மணம் நீர்த்துப்போகிறது. ஈடுசெய்ய உப்பும் சீஸும் பூண்டும் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. மேலும் காய் விழுது கெட்டியானது. சூடாக இருக்கும்போது பாஸ்தாவோடு அழகாக இழையும், தட்டில் பத்து நிமிடம் ஆறினால் கூழ்போல் இறுகிவிடும். ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட வருகிற வீட்டில் இது உண்மையான சிக்கல். வடித்த நீரில் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டு, பரிமாறும்போதெல்லாம் சிறிது விட்டு இளக்கலாம். அப்படிச் செய்தாலும், காயை முழுத் துண்டாகக் கடித்து அதன் சுவையையும் இலை விழுதின் சுவையையும் தனித்தனியே உணரும் இன்பம் இதில் கிடைப்பதில்லை. காயும் இலையும் அருகருகே இருக்கும்போதுதான் இரண்டும் சிறக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்றை அரைத்தால் இரண்டுமே மங்கிவிடுகின்றன. எனவே குழந்தைக்காக அல்லாமல் மற்றவர்களுக்கு இந்த வழியை நான் இரண்டாம் நிலையிலேயே வைக்கிறேன்.

பாட்டில் பெஸ்டோவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தண்ணீர் கொதித்துப் பாஸ்தா வேகும் நேரம் மட்டுமே ஆகும் என்பது அதன் ஒரே பலம். வாங்குபவர் பின்புறச் சீட்டைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். பல பாட்டில்களில் ஆலிவ் எண்ணெயின் இடத்தைச் சூரியகாந்தி எண்ணெயும், பைன் கொட்டையின் இடத்தை முந்திரியும் பிடித்திருக்கும், கெட்டியாக்க உருளைக்கிழங்குத் தூளும் சேர்ந்திருக்கும். அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் நிற்பதற்காகச் சூடாக்கியிருப்பதால் இலை வெந்த வாசம் வந்துவிடுகிறது. அதை வாங்கியே ஆக வேண்டிய நாளில், கையளவு பாலக்கைப் பிழிந்து பொடியாக நறுக்கியும், உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்தும் செய்தால் ஓரளவு உயிர் வரும்.

வழி எதுவானாலும் கொட்டையும் சீஸும் முடிவு செய்ய வேண்டியவை. பைன் கொட்டை நம் நாட்டிலும் விளைகிறது. இமாசலப் பிரதேசத்தின் கின்னோர் மலைகளிலிருந்து வரும் சில்கோசா அதுவே, ஆனால் அதன் விலை வார நாள் சமையலுக்கு ஏற்றதன்று. அதன் வெண்ணெய் போன்ற மென்மைக்கு மிக நெருங்கி வருவது முந்திரி. வறுக்காமல், அல்லது நிறம் மாறாத அளவுக்கு லேசாகச் சூடுகாட்டிப் போடலாம். வால்நட்டும் லிகூரியாவுக்குச் சொந்தமானதுதான், அங்கே வால்நட்டை அரைத்துத் தனியாகவே ஒரு பாஸ்தா குழம்பு செய்கிறார்கள். பாலக் விழுதுக்கு அதன் மெல்லிய கசப்பு நன்றாகப் பொருந்துகிறது. பாதாம் சிசிலியின் டிரபானி ஊர்ப் பெஸ்டோவில் தக்காளியோடு வருவது. நிலக்கடலை மலிவுதான், ஆனால் அதன் வாசம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். பொட்டுக்கடலை போட்டால் விழுது மாவாக இறுகிச் சட்னியாகவே மாறிவிடும், அதைத் தவிர்ப்பது நல்லது. எண்ணெயில் மாற்று தேடுபவர்கள் நல்லெண்ணெயை நாடக் கூடாது. இட்லிப்பொடிக்கு உயிர் கொடுக்கும் அந்த மணம் இங்கே பேசிலோடு மோதுகிறது.

சீஸ் விஷயத்தில் மரக்கறி உண்பவர்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. உண்மையான பார்மேசான் சீஸில் பாலைத் திரிக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளையே பயன்படுத்துகிறார்கள், அது அந்தச் சீஸின் விதிகளிலேயே இருக்கிறது. என் அம்மா மரக்கறி மட்டும் உண்பவர். அவருக்காக, நுண்ணுயிர் உறைபொருளில் செய்த கெட்டிச் சீஸை, சீட்டில் அப்படி அச்சிட்டிருப்பதை உறுதி செய்துகொண்டு வாங்குகிறேன். பதப்படுத்திய க்யூப் சீஸைத் துருவிப் போடுவது சரிவராது, சூட்டில் அது இழுத்துக்கொண்டு பசைபோல் ஒட்டும். சீஸே வேண்டாம் என்பவர்கள் முந்திரியை இரு மடங்காக்கி, உப்பைச் சிறிது கூட்டி, சில துளி எலுமிச்சை சேர்த்துச் சாப்பிடலாம். எலுமிச்சையைப் பரிமாறும்போது மட்டுமே சேர்க்க வேண்டும், புளிப்பு பட்டு நின்றால் இலையின் பச்சை சிறிது சிறிதாகப் பழுப்பாகிவிடும்.

பாஸ்தாவின் வடிவத்தைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. ஜெனோவாவின் முறுக்கிய சிறு ட்ரோஃபியே இங்கே அரிது. நம் கடைகளில் கிடைப்பனவற்றில் சுருள் வடிவ ஃபுசில்லிதான் விழுதை மடிப்புகளில் பிடித்துக்கொள்கிறது. டியூரம் கோதுமை ரவையில் செய்ததா என்பதை மட்டும் பார்த்து வாங்கினால் போதும், மைதாவில் செய்தது உருளைக்கிழங்கோடு சேர்ந்து குழைந்துவிடும்.

எந்த வழியில் செய்தாலும் மாறாத ஒரு விதி, விழுதை அடுப்பில் வைக்கக் கூடாது என்பது. வாணலியில் பெஸ்டோவை ஊற்றிச் சூடாக்கிப் பிறகு பாஸ்தாவைப் போடும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. குழம்பு என்றால் கொதிக்க வேண்டும் என்ற நம் பழக்கத்திலிருந்து அது வந்திருக்கலாம். தீ பட்டவுடன் மணம் ஆவியாகிப் போகிறது, பச்சை மங்குகிறது, சீஸ் திரள்கிறது. அகன்ற பாத்திரத்தில் விழுதைப் போட்டு, வடித்த பாஸ்தாவின் சூட்டையும் இரண்டு மூன்று கரண்டிக் கொதிநீரையும் மட்டுமே கொண்டு அதை இளக்க வேண்டும்.

ஆகவே என் வீட்டுத் தேர்வு பெரும்பாலான இரவுகளில் இப்படி அமைகிறது: விழுதுக்குப் பாலக்கும் திருநீற்றுப்பச்சிலையும் முந்திரியும், கொதிநீருக்கு உருளைக்கிழங்கும் பீன்ஸும். நல்ல பேசில் கிடைத்த வாரத்தில் பாலக்கை விட்டுவிடுகிறேன். பீன்ஸ் முற்றலாக இருக்கும் நாளில் அதன் இடத்தில் ப்ரோக்கோலிப் பூவைக் கடைசி நான்கு நிமிடத்துக்குப் போடுகிறேன், அரைப்பதில்லை. கேரட்டை மட்டும் இதில் போடுவதில்லை, அதன் இனிப்பு பேசிலோடு சேர்வதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு முறை இரு மடங்காக அரைத்து வைத்தால் அடுத்த வாரமும் ஒரு நாள் எளிதாகிவிடும். ஆனால் பச்சைப் பூண்டு எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் எந்த விழுதையும் வெளியே வைக்கக் கூடாது. காற்றில்லாத அந்த இடத்தில், உயிருக்கே ஆபத்தான பாட்டுலிச நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பு இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சீஸ் சேர்க்காமல் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பைக்கு மாற்றி ஃப்ரீசரிலேயே வைத்திருக்கலாம். தேவைப்படும் அன்று பாஸ்தாவைக் கொதிநீரில் போட்டவுடன் ஆளுக்கு இரண்டு கட்டி வீதம் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால், உருளைக்கிழங்கின் விளிம்பு கரையத் தொடங்கும் நேரத்துக்கு அவை பாதி இளகியிருக்கும். மீதியை ஒரு கரண்டிக் கொதிநீர் பார்த்துக்கொள்ளும், சீஸை அப்போது துருவிச் சேர்த்தால் போதும்.